மூன்றாவது கியரில் யாரும் விழிக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மணியம் அண்ணனின் எண்ணிலிருந்து செய்தி வந்தால் நான் எடுத்துப் படிப்பதே இல்லை. "நாளைக்கு அஞ்சரை. லேட்டானா விட்டுட்டுப் போயிடுவேன்" என்றுதான் இருக்கும். வருடக்கணக்காக அதே மிரட்டல். ஒரு நாளும் யாரையும் விட்டுவிட்டுப் போனவரில்லை. அந்த ஞாயிறு, செய்திக்குப் பதிலாக அழைப்பு வந்தது. பேசியது அவர் மனைவி அஞ்சலை அக்கா. "சரசு, அவரு போயிட்டாரு" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "காடியிலயாக்கா?" என்று கேட்டேன். "இல்ல லா. நாற்காலியில. சாப்பிட்டு உட்கார்ந்தாரு, எழுந்திரிக்கல" என்றார். காரை நாங்கள் காடி என்போம். அந்தக் காடியை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் அவர் உயிரை விடுவார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்களில் பலருக்கு அவர் கோயில் திருவிழாவில் மோர் ஊற்றியவர். சிலருக்கு, செனாய் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். அவருடைய காடியில் தினமும் ஏறியவர்கள் மூன்றே பேர்: தரப் பரிசோதனையில் இருக்கும் நான், ஸ்டோரில் இருக்கும் பாலன், கேண்டீனில் இருக்கும் கமலா அக்கா. எங்கள் ஊர் ரெங்கத்திலிருந்து செனாய்க்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஆகவே அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. அவரைப் பற்றிக் குறை சொல்லவும்தான்.

முதல் குறை அந்தக் காடி. ஊரெல்லாம் ஆட்டோ கியருக்கு மாறிய பிறகும் அவர் மேனுவலை விடவில்லை. சரி, அது அவர் இஷ்டம். ஆனால் அந்த கியர் இருந்த நிலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கஞ்சிப் பானையில் அகப்பையை விட்ட மாதிரி எந்தப் பக்கமும் ஆடும். மூன்றைத் தேடினால் ஐந்து கிடைக்கும், ஐந்தைத் தேடினால் ஒன்றுமே கிடைக்காது. வழியில் லாயாங் லாயாங் ஊரைத் தாண்டியதும், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரிசையாக ஊர்ந்து போகும். அவற்றை முந்த மூன்றாவது கியர் வேண்டும். அண்ணன் மூன்றை இழுப்பார், அது வேறெங்கோ போய் விழும், காடி ஒரு குதி குதிக்கும்.

ஒரு நாள் அப்படிக் குதித்ததில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கமலா அக்காவின் நெற்றி ஜன்னல் கண்ணாடியில் மோதி, எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

கமலா அக்காவின் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டவர். இரவெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். பகலில் மகள் பார்த்துக்கொள்வாள், அக்கா வேலைக்கு வருவார். அவர் கண்ணை மூடுவதற்கென்று மிஞ்சியது மணியம் அண்ணனின் பின்சீட்டு மட்டும்தான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அண்ணன் மட்டும் அன்று அக்காவுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார். "சரசு, இந்த கியரைச் சரி பண்ணணும். ஆனா சத்தம் வரக் கூடாது. காடியில இப்ப இருக்கிற சத்தத்துக்கு மேல ஒரு பொட்டுச் சத்தம் வரக் கூடாது. அக்கா தூங்கணும்."

"புதுக் காடி வாங்கலாமேண்ணே."

"அலமாக், நான் என்ன கேட்கிறேன், நீ என்ன சொல்ற?"

காடியைப் பற்றி அவருக்கு இருந்த அறிவைவிட ஆசை பல மடங்கு பெரிது. முதலில் கியரின் பிடியை மாற்றினார். பிடி கனமாக இருந்தால் கியர் தானாக வழுக்கிக்கொண்டு போய் விழும் என்று எங்கோ கேட்டிருக்கிறார். பழக்கக்காரர் ஒருவரிடம் சொல்லி, இரும்பில் கடைந்த உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். "இது கியர் பிடியாண்ணே, அம்மிக் குழவியா?" என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், கியர் முன்பைவிட நன்றாகவே விழுந்தது. ஆனால் தொழிற்சாலை வெளியில் பகல் முழுக்க வெயிலில் நின்ற காடியில் மாலை ஏறி, "வீட்டுக்குப் போலாமா?" என்று அதில் கையை வைத்தார் பாருங்கள், அவர் போட்ட சத்தத்துக்குக் காவலாளியே ஓடி வந்துவிட்டார். மறுநாள் கமலா அக்கா அதற்கு ஒரு குல்லா பின்னிக் கொண்டுவந்தார். பேத்திக்குப் பின்னிய கம்பளி மிச்சம். ரோஸ் நிறம். சூப்பர்வைசர் மணியம் ரோஸ் நிறக் குல்லாவைப் பிடித்து கியர் மாற்றிக்கொண்டு ரெங்கம் கடைத்தெருவில் போன அழகை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குல்லாவோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கியர் தண்டின் மூட்டுகளில் சிறு ரப்பர் வளையங்கள் இருக்குமாம், புஷ் என்பார்கள். அவை தேய்ந்து போனதால்தான் இந்த ஆட்டம் என்று கண்டுபிடித்தார். ரப்பர் இருந்த இடத்திலெல்லாம் பித்தளையைப் போட்டால் ஆட்டமே இருக்காது என்று முடிவும் செய்துவிட்டார். பட்டறைக்காரர் ஆ ஹெங் ஒரே வரியில் சொன்னார்: "போலே, தாப்பி பீசிங்." போடலாம், ஆனால் இரைச்சல் வரும். அண்ணன் கேட்கிற ஆளா? "வராது, நான் பார்த்துக்கிறேன்" என்று ஆ ஹெங்கின் முதுகில் தட்டிவிட்டு வந்தார்.

பித்தளை ஏறிய மறுநாள் காலை எங்களுக்கு ஒரு கட்டளை பிறந்தது.

"எல்லாரும் தூங்குங்க. யாராவது முழிச்சா இது ஃபெயில். கழட்டிடுவேன்."

"தூங்குன்னு அதட்டினா யாருக்குத் தூக்கம் வரும்ணே? நான் தரம் பார்க்கிறவ சொல்றேன், இது டெஸ்டே இல்ல" என்றேன்.

"பேசாத, தூங்கு."

கியர் என்னவோ அருமையாக இருந்தது. இழுத்த இடத்தில் டக்கென்று விழுந்தது. ஆனால் காடி முழுக்க ஒரு ரீங்காரம். கால் வழியாக ஏறி, முதுகு வழியாகப் பல்லுக்கு வந்தது. நான் கண்ணைத் திறக்கலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் அவர் முகத்தைக் கடைக்கண்ணால் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி பூரித்துப் போயிருந்தார். பின்னால் பாலனும் அக்காவும் சத்தமே இல்லாமல் கிடந்தார்கள். சரி, அவர்கள் இரண்டு பேரும் தூங்குகிறார்கள், எனக்கு மட்டும்தான் கேட்கிறது போல, எதற்கு மனிதரின் சந்தோஷத்தைக் கெடுப்பது என்று மூடிய கண்ணை மூடியபடியே வைத்துக்கொண்டேன்.

பிறகு தெரிந்தது, பாலனும் அதையேதான் நினைத்திருக்கிறான்.

அப்படியே வாரங்கள் போயின. இதில் ஒரு வேடிக்கை, நாங்கள் தூங்குகிறோம் என்று நம்பிய மணியம் அண்ணன் தனியாகப் பேச ஆரம்பித்தார். முதலில் கியரோடு: "வா ராசா, மூணு. அப்படித்தான். இப்ப நாலு." பிறகு எங்களைப் பற்றி. "இந்த சரசு தூங்குறப்பதான் நல்ல பொம்பள. முழிச்சா வாய் இருக்கே, அப்பப்பா." தூங்குகிறவள் என்ன பதில் சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டேன். ரீங்காரத்தில் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு காலை லோரிக் கூட்டத்தை ஒரே மூச்சில் முந்திவிட்டு, தன் தொடையில் தானே தட்டிக்கொண்டு சொன்னார்: "மணியம், நீ எஞ்சினியரா போயிருக்க வேண்டிய ஆளு லா."

பின்சீட்டில் பாலன் வெடித்துச் சிரித்துவிட்டான். அதைக் கேட்டு நானும் சிரித்தேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். "டேய், நீ தூங்கலையா? சரசு, நீயுமா?" பாலன் சிரிப்பை அடக்க முடியாமல், "எங்கண்ணே தூங்குறது? காதுக்குள்ள தேனீக் கூடு வச்ச மாதிரி இருக்கு" என்றான். அப்போது கமலா அக்கா கண்ணைத் திறந்து, தப்புச் செய்தவர் போல மெதுவாகச் சொன்னார்: "நானும் தூங்கலதான் தம்பி."

அண்ணன் காடியைச் செம்பனைத் தோட்டத்து ஓரமாக நிறுத்தினார். பாலன் சிரிப்பை நிறுத்திவிட்டான். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எப்ப இருந்துக்கா?" என்று கேட்டார்.

"அது… இந்தப் பித்தளை போட்டதில இருந்து. நீங்க ஆசையா செஞ்சீங்க, எப்படிச் சொல்றது?"

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தூங்கணும்னுதான்கா செஞ்சேன்" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எங்கள் மூன்று பேரின் நல்ல மனசும் சேர்ந்து அந்தப் பெண்ணின் தூக்கத்தைப் பறித்திருக்கிறது. எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று மாலையே ஆ ஹெங்கின் பட்டறை. இந்தத் தடவை அண்ணன் பேசவில்லை, ஆ ஹெங் சொன்னதைக் கேட்டார். கேட்டதை மறுநாள் தான் கண்டுபிடித்தது போல எங்களுக்குச் சொன்னார். "கையும் கியரும் பேசிக்கிற மூட்டுல இறுக்கம் வேணும். கியரும் காடியும் ஒட்டுற இடத்துல மெத்தை வேணும். நான் மெத்தையையும் சேர்த்துக் கழட்டிட்டேன், அதான் லா." மூட்டில் ஆட்டமில்லாத புது இணைப்பு, அடியில் பழையபடி ரப்பர், ஆனால் புதிது. கியர் எண்ணெயும் மாற்றினார்கள். தண்டு தரையைத் துளைத்து இறங்கும் இடத்தில் இருந்த ரப்பர் உறை கிழிந்து போயிருந்தது. இரைச்சலில் பாதி அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. அதையும் மாற்றியதும் காடி முன்பு இருந்ததைவிட அமைதியாகிவிட்டது.

இந்தத் தடவை அண்ணன் டெஸ்ட் எதுவும் அறிவிக்கவில்லை. ஆனால் பாலன் காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைச் சரசரவென்று பிரித்தபோது, "டேய், காகிதம்!" என்று பல்லைக் கடித்தார். பாலன் செனாய் வரும்வரை பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசனை பிடித்தபடி வந்தான். எனக்குத் தும்மல் வந்தபோதுகூட முறைத்தார். லோரிகள் வந்தன, மூன்றாவது கியர் விழுந்தது. பின்னால் கமலா அக்கா குறட்டை விட்டார். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் கிசுகிசுத்தார்: "சத்தம் போட்டு எவனும் செஞ்சிடுவான் சரசு. சத்தமில்லாம செய்யறதுதான் கஷ்டம்."

அவர் போன பிறகு நாங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் நிறுத்தம், வழியெல்லாம் ரேடியோ. கமலா அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிவந்த கண்ணோடு நின்றபடி வருவார். கேட்டால், "நான் நல்லாத்தான் இருக்கேன்மா" என்பார். கேண்டீனில் ஒரு நாள் கொதிக்கிற சாம்பாரைக் கையில் கொட்டிக்கொண்டார்.

கருமக்கிரியை முடிந்ததும் அஞ்சலை அக்கா சாவியை என் கையில் வைத்தார். பாலனுக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும்தான். எனக்கு மேனுவல் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் பரீட்சையில் தேறிய பிறகு வீட்டில் இருக்கும் ஆட்டோ கியர் காடியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. "எனக்கு வராதுக்கா" என்றேன்.

"வரும். காடி சும்மா நிக்குது, கமலா பஸ்ஸில நிக்குது. அவரு இருந்தா விடுவாரா? நீ எடு."

திங்கட்கிழமை அஞ்சரைக்கு எடுத்தேன். முதல் சாலைச் சந்திப்பிலேயே எஞ்சின் நின்றது. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். பாலன், "அக்கா, மெதுவா லா" என்று சாமி கும்பிடுகிற குரலில் சொன்னான். லாயாங் லாயாங்கைத் தாண்டியதும் லோரிகள். கிளட்சை அழுத்தி மூன்றை இழுத்தேன். கை கேட்டது, கியர் கொடுத்தது. டக்கென்றோ கடமுடவென்றோ இல்லை. காடி ஒரு அசைவு அசையாமல் லோரியைத் தாண்டியது. இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்தவளுக்கு, அந்த மனிதர் என்ன செய்து வைத்துவிட்டுப் போனார் என்பது அப்போதுதான் உள்ளங்கையில் தெரிந்தது. அண்ணே, நல்லாச் செஞ்சிருக்கீங்க. உயிரோடு இருந்தபோது இதை நான் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

தொழிற்சாலை வாசலில் நிறுத்தினேன். கமலா அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பாலன் கதவை அடிக்காமல் சாத்திவிட்டு, தான் போய் கேண்டீனில் சொல்லிக்கொள்வதாகச் சைகை காட்டிப் போனான். சங்கு ஊதியது. எஞ்சினை அணைத்தால் எழுந்துவிடுவார் என்று அணைக்கவில்லை. ஆட்கள் எல்லோரும் உள்ளே போய், வாசல் காலியாகி, வெயில் கண்ணாடிக்கு வந்தது. வேலைக்கு ஒரு நாளும் தாமதமாகப் போகாத நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மணியம் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், காடி இல்லை, அது அஞ்சலை அக்காவுடையது. அடுத்தவர் தூங்குகிறார் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் குணம். என் வாயை அறிந்த உங்களுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியும்.