மேப்பிலிருந்து வடக்கை வெட்டிய வாரம்

வீடியோ கேம் டெஸ்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் தரைக்குள் விழுந்தேன். திரையில் ஒரு வேலமரத்தின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த என் ஆள் திடீரென்று புல்லைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டான். விழுந்துகொண்டே மேலே பார்த்தேன். அதுவரை நான் நடந்து வந்த குன்றும் சாலையும் அடிப்பக்கமாகத் தெரிந்தன. குன்றுக்குள் ஒன்றுமே இல்லை, கவிழ்த்து வைத்த கூடை மாதிரி வெறும் கூடு. ஏரி ஒரு தட்டைப் போல அந்தரத்தில் தொங்கியது. ஆபீஸ் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தும் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடிப்பிடிப்பதுதான் என் வேலை என்று எங்கள் டீம் லீட் விளக்கினார். ஒவ்வொரு பாறையையும் இடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் ஏற முயல வேண்டும். எங்கே விழுகிறோமோ, எங்கே மாட்டிக்கொள்கிறோமோ, அந்த இடத்தின் எண்களைக் குறித்துப் படத்தோடு டிக்கெட், அதாவது புகார்க் குறிப்பு, போட வேண்டும். அந்த இடத்தைச் செய்தவர்கள் சரி பண்ணுவார்கள். பிறகு அது நிஜமாகவே சரியாகிவிட்டதா என்று நான் மறுபடி போய்ப் பார்த்து டிக்கெட்டை மூட வேண்டும்.

கம்பெனி சென்னையில். முதல் மூன்று மாதம் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தேன். பிறகு வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள். எங்கள் சொந்த வீடு முசரவாக்கத்தில். அங்கே நெட் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல நிற்காது. அதனால் செவிலிமேட்டில் ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்குப் பிடித்து நானும் அம்மாவும் வந்துவிட்டோம். முன்னறையில் அம்மா கடைகளிலிருந்து வரும் பட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் குச்சு கட்டுவார். உள்ளறையில் நான் திரையில் பஞ்சம் பிடித்த ஒரு பூமியில் நடந்துகொண்டிருப்பேன்.

கேமின் கதை எளிமையானது. மழை பொய்த்த ஒரு நாட்டில் கடிதம் சுமக்கும் ஒருவன் ஊர் ஊராகப் போகிறான். முதல் அறிவிப்பிலேயே மேப்பின் அளவைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியும் எந்த மலைக்கும் நடந்தே போகலாம் என்றார்கள். தெற்கில் ஊர்கள், சந்தைகள், சண்டைகள். வடக்கில் வறண்ட சமவெளியும் மணலாகக் கிடக்கும் ஓர் ஆறும் மட்டும். வடக்கைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்தவளுக்கு மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளியதைக் கொடுத்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த வடக்கை உருவாக்கியவர் ஓர் அக்கா. வயது நாற்பதை ஒட்டி இருக்கும், அம்பத்தூரில் வீடு. இரண்டு வருடமாக அந்த நிலத்தைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் டிக்கெட் போட்டால் மற்றவர்கள் ஒரு வரியில் பதில் எழுதுவார்கள், அக்கா மட்டும் போன் செய்வார். எந்தப் பக்கமாக வந்தாய், அப்போது வெயில் எந்தத் திசையில் இருந்தது என்றெல்லாம் கேட்பார். ஒருமுறை, உன் வீட்டுக்குப் பக்கத்தில்தானே பாலாறு, மணலைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். நான் காலையில் ஆற்றுக்குள் இறங்கி மணல் அலைகளையும் நாணலையும் மாட்டுக் குளம்புத் தடங்களையும் எடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்த பில்டில், அதாவது கேமின் புதிய பதிப்பில், அந்த மணல் இருந்தது. நம்ம ஊர் ஆற்றில் என் ஆள் நடந்தான். அன்றைக்கு ஒரு டிக்கெட்கூடப் போடாமல் அதில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தேன்.

வாரக் கடைசியில் நாங்கள் ஒரு சின்ன அறிக்கை எழுத வேண்டும். ஓட்டைகளைப் பற்றி இல்லை, விளையாடும்போது எப்படி இருந்தது என்று. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவள். மனதில் இருந்தது இதுதான்: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க நாற்பது நிமிடம் ஆகிறது, வழியில் யாரும் வந்து நம்மைத் தொந்தரவு செய்வதில்லை, மனசு அப்படியே அடங்கிப்போகிறது. ஆங்கிலத்தில் எனக்கு வந்தது இரண்டே சின்ன வாக்கியம். நாற்பது நிமிடம் நடந்தேன். எதுவும் நடக்கவில்லை. புகழ்ந்து எழுதியிருப்பதாக நினைத்து அனுப்பிவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து குச்சு கட்டப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எல்லோரையும் வீடியோ காலுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனித் தலைவரே பேசினார். முதலில் திரையில் எங்கள் மேப் வந்தது. வெளியாட்களை வைத்து விளையாட விட்டபோது யார் யார் எங்கெங்கே போனார்கள் என்பதை நிறங்களால் காட்டியிருந்தார்கள். தெற்கு முழுக்கச் செக்கச் சிவப்பு. வடக்கு கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒரே ஒரு மெல்லிய கோடு, ஆற்றின் ஓரமாகவே மேலே போய்த் திரும்பி வந்தது. அது விளையாட வந்தவர்களின் கோடு இல்லை, எங்கள் டெஸ்டரின் கோடு என்று அவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அது என் கோடு.

அடுத்த படத்தில் என் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. பெயர் போடவில்லை. திரை முழுக்க, வெள்ளையில் கறுப்பாக.

அவர் அதைச் சத்தமாக வாசித்தார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல என்றார். மேப் பெரிதாக இருப்பது பெருமை இல்லை, அதில் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்றார். வடக்கை மொத்தமாக வெட்டிவிட்டு, எல்லையில் ஒரு மலைத்தொடரை நிறுத்தப் போகிறோம். வடக்கை உருவாக்கிய குழுவின் ஆறு பேருக்கும் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. இதையெல்லாம் அவர் நிதானமாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் தவறு இருப்பதாகவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. திரையின் ஓரத்தில் அக்காவின் முகம் சின்னக் கட்டத்தில் தெரிந்தது. அது அசையவே இல்லை. உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டம் மறைந்துவிட்டது.

கால் முடிந்ததும் எழுந்து முன்னறைக்குப் போனேன். அம்மா என் முகத்தைப் பார்த்துத் தையல் மெஷினை நிறுத்தினார்.

"நெலம் போச்சுமா" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அம்மா மடியிலிருந்த புடவை சரிய எழுந்து நின்றுவிட்டார். "எந்த நெலம்? நம்ம மனையா? யாரு வந்து அளந்துக்கினு போனாங்க?"

கூலி வேலை செய்து வாழ்ந்த குடும்பத்தில் தாத்தாவுக்குப் பட்டாவாகக் கிடைத்த முசரவாக்கத்துச் சின்ன மனை அது. அதற்கு முன் எங்களுக்கென்று பிடி மண் கிடையாது. அம்மா செருப்பைத் தேடி வாசலுக்குப் போவதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. மனை இல்லை, கம்ப்யூட்டரில் இருந்த நிலம் என்று விளக்க ஐந்து நிமிடம் ஆனது. புரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. இல்லாத நிலத்துக்காக இப்படியா பயமுறுத்துவாய் என்று திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, உன் வேலை இருக்குதா என்று மட்டும் கேட்டார். இருக்குது என்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் அக்காவுக்கு போன் செய்யத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் செய்தேன். அவரே பேச்சைத் தொடங்கி, தான் நன்றாக இருப்பதாகவும் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். விளையாட வந்தவர்களில் அந்த வாக்கியங்களை எழுதினவன் மட்டும் யாரென்று தெரிந்தால் தேவலை என்றார்.

"அது நான்தான்க்கா" என்றேன்.

நான் எழுத நினைத்தது வேறு, என் ஆங்கிலம் அவ்வளவுதான் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டாரா என்று தெரியாது. "அப்புறம் பேசலாம்மா" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. வடக்கு இருக்கிற கடைசி பில்டைச் சாயந்திரம் நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள், இரண்டு மணிக்கு உள்ளே வா என்று எழுதியிருந்தார்.

போனேன். அவருடைய ஆள் ஆற்றங்கரையில் எனக்காக நின்றுகொண்டிருந்தான். தனியாகப் போட்டிருந்த காலில், ஹெட்போனில் அவர் குரல் சாதாரணமாக இருந்தது. எனக்குத் தெரிந்த வழியாகவே போனோம். ஒரு கரை சரிந்திருந்த இடத்தில் அவர் ஆற்றுக்குள் இறங்கினார். மணலில் யாரோ தோண்டிய மாதிரி ஒரு சின்ன ஊற்று, அடியில் கையகலத் தண்ணீர். அந்த இடத்தை நான் நூறு முறையாவது கடந்திருப்பேன். அதன் விளிம்பை நாலு பக்கமும் இடித்துப் பார்த்து, ஓட்டை இல்லை என்று எழுதியும் இருக்கிறேன்.

"உட்காரு" என்றார். என் ஆளை உட்கார வைத்தேன். அடுத்து என்ன என்று கேட்டேன். பேசாமல் இரு என்றார்.

மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நாணலுக்குள்ளிருந்து இரண்டு கௌதாரிகள் வந்தன. எங்களைப் பார்த்துவிட்டு நின்றன. நாங்கள் அசையவில்லை. வந்து குடித்தன. பிறகு ஒரு கீரி. அதற்குப் பிறகு எதிர்க்கரையில் மான்கள், ஒன்று இரண்டு என்று ஆரம்பித்து ஒரு கூட்டமே இறங்கி வந்தது. கடைசியாகத் தலையில் குடத்தோடு ஒரு பெண் வந்து, ஊற்றில் அள்ளி அள்ளி நிரப்பினாள். பத்து மாதத்தில் வடக்கில் நான் பார்த்த முதல் மனுஷி. அவள் எங்கள் பக்கம் திரும்பி, மேட்டுக்குப் பின்னால் ஊர் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டாள்.

அங்கே ஓர் ஊர் இருந்திருக்கிறது. அவளோடு போனால்தான் அதன் வழி திறக்குமாம். நான் நடந்த அத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. எதுவும் நடக்கவில்லை என்று எழுதினேனே, அது ஆங்கிலக் கோளாறு மட்டும் இல்லை, பொய்யே.

"நீ ஒருநாளும் நின்னதே இல்லம்மா" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "நானும் யாருகிட்டயும் சொல்லல. தானா கண்டுபிடிக்கணும்னு ஆசைப்பட்டேன். சொல்லியிருக்கணும்."

நான் உடனே எல்லாவற்றையும் வீடியோவாகப் பதிவு செய்து லீடுக்கு அனுப்பி, போனும் செய்தேன். மணி மூன்றேகால். அவர் முழுதாகப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு கேட்டார், "பத்து மாசம் அதுலயே நடந்த உனக்கே தெரியல. காசு குடுத்து வாங்கறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?" போனை வைத்தேன்.

கேமுக்குத் திரும்பி வந்தபோது அக்கா ஊருக்குள் போயிருந்தார். எட்டு வீடுகள். ஒரு வீட்டு வாசலில் கயிற்றுக்கட்டில். கதவுகளை அவர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். உள்ளே அடுப்பு இருந்தது, கொடியில் துணி இருந்தது. ஆறாவது வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தபோது திரை உறைந்தது. தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு பெட்டி வந்தது. மணி நாலு. ஹெட்போனில் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அவர் இப்போது, இன்னும் கட்டாத அடுக்குமாடிக் குடியிருப்புகளை வாங்குபவர்களுக்குப் படமாகச் செய்து காட்டும் ஒரு கம்பெனியில் இருக்கிறார். எப்போதாவது பேசிக்கொள்வோம். என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

எனக்கு அந்தப் புதிய மலைத்தொடர் வந்தது. யாரும் தாண்டிப் போகாதபடி அதன் ஒவ்வொரு அடியையும் இடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து வாரம் அதையே செய்தேன். ஆறாவது வாரம் இரண்டு பாறைகளுக்கு நடுவில் என் ஆள் பக்கவாட்டில் வழுக்கி உள்ளே போய்விட்டான். மறுபக்கம் சாம்பல் நிறம். வானம், தரை, எதுவும் இல்லை. விழக்கூட இல்லை, அப்படியே நின்றான். முன்பு வடக்கின் ஆறு வந்து சேர்ந்த இடம் அது, இடத்தின் எண்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அந்த ஓட்டையைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்தேன். விட்டு என்ன பயன்? அதன் வழியாக வருகிறவன் பார்க்கப்போவது இந்தச் சாம்பலைத்தான். டிக்கெட் போட்டேன். இரண்டு நாளில் சரி பண்ணிவிட்டார்கள். மறுபடி போய் அந்தப் பாறைகளை எல்லாப் பக்கமும் இடித்தேன். வழி இல்லை. டிக்கெட்டை மூடாமல் அன்று முழுக்கத் திறந்தே வைத்திருந்தேன். சாயந்திரம் ஆறு மணிக்கு லீட், இன்னும் ஏன் அது திறந்திருக்கிறது என்று கேட்டார். மூடினேன்.