கிணற்றடியில் இனித்த மணம்

2025 பெப்ரவரி 11, செவ்வாய். வழக்கம்போல, இரசாயன ஆவிகளை அளக்கும் ஆவிமானியை முற்றத்துக் காற்றில் பிடித்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடிக் குப்பிகளைத் துடைத்து ஐஸ் பெட்டியில் அடுக்கிய பிறகு செங்கலடிக்குப் புறப்பட்டேன்.

மூடிக்கிடந்த உலர்சலவைக் கடை ஒன்று விலைக்கு வந்திருந்தது. வாங்குபவருக்காக அந்த நிலத்தைச் சோதிக்க வேண்டும். பாசிக்குடா ஹோட்டல்களின் திரைச்சீலைகள் ஒருகாலத்தில் அங்கேதான் வெளுப்புக்கு வந்தன. அதற்குப் பாவிக்கும் குளோரின் கலந்த கரைப்பான் தண்ணீரைவிடப் பாரமானது. மணலில் சிந்தினால் அடிவரை இறங்கும். கடையின் பின்மதிலுக்கு அப்பால் ஒரு வீட்டுக் கிணறு இருந்தது.

நான் குழாயைக் கிணற்றின் அடிக்கு இறக்க, வீட்டுக்கார அம்மா சிரித்தார்.

"கிணத்துக்கும் நாடி பார்க்கிறீங்களா தம்பி?"

"ஓம் அம்மா. இந்த மணம் எப்ப இருந்து?"

"வெள்ளம் வத்தினதும் சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. ஐயா வந்து குளோரின் தூள் போட்டவர். அந்த மணம்தான். மணக்கிற தண்ணிதானே சுத்தம்! மகளுக்கு இது பிள்ளை பெறுற மாதம். இதத்தான் கொதிக்க வச்சுக் குடுக்கிறன்."

மகள் குசினி வாசலில் வயிற்றைத் தாங்கியபடி நின்றாள்.

குளோரின் தூள் மூக்கைக் குத்தும். இந்த மணம் இனித்தது. கிணற்று வாயில் ஆவிமானியைப் பிடித்தேன். குளோரினுக்கு அசையாத கருவி அது. எண் ஏறிக்கொண்டே போனது.

குப்பியைத் தளும்ப நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு குமிழி. கரைப்பான் அந்தக் காற்றுக்குள் ஏறிவிடும், சோதனை பொய்யாகும். கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன்.

"ஏன் தம்பி கொட்டினீங்க?" என்றார் அம்மா. இப்போது சிரிக்கவில்லை.

வேலிக்கு வெளியே போய் எங்கள் மேலதிகாரிக்குப் போன் எடுத்தேன்.

"என்ன கரைப்பான் எண்டு ஆய்வுகூடம் சொல்லட்டும். ரெண்டு கிழமைதானே? அதுவரைக்கும் வாய் திறக்காதீங்க. காணிக்காரன் வழக்குப் போடுவான்."

திரும்பி வந்தபோது குசினியில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவியிலும் அதே இனிப்பு.

"அம்மா, அடுப்ப நிப்பாட்டுங்க. இது குளோரின் தூள் மணமில்ல. என்னெண்டு இன்னும் தெரியா. தெரியிற வரைக்கும் குடிக்கவும் வேணாம், குளிக்கவும் வேணாம்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னை.

"அப்ப இவள் என்னத்தக் குடிக்கிற?"

என்னிடம் இருந்தது ஒரு போத்தல் தண்ணீர். அதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் ஆவிமானியைத் தொடவில்லை. முதல் வேலையாக எங்கள் வீட்டுக் குழாயில் இரண்டு கேன்களை நிரப்பி, மோட்டார் சைக்கிளின் இருபக்கமும் கட்டினேன்.