அன்வர் எங்களை மோந்து பார்க்கச் சொன்ன பெட்டி

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத் செய்தி, யாரோ இறந்துவிட்டதாகச் சொன்னபோது நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். முதலில் உருதுவில் சொன்னார்கள், பிறகு தமிழில். அப்பா பெயரைச் சொல்லி, இன்னாரின் மகன் என்றுதான் சொல்வது வழக்கம். அந்தப் பெரியவரின் எந்த மகன் என்று யோசித்தேன். தெருப் பெயர் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நம்முடைய அன்வர்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். அன்வருக்கு என் மகன் வயது, அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி என்னை நைனா என்பான். அதனால் அவன் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர் என்றால் வேறு யாரோ போல இருக்கிறது. இந்த வயதுக்குள் நிறையச் சாவுக்கு அழுதாகிவிட்டது. இதற்கு அழத் தெம்பில்லை, சொல்லத்தான் முடிகிறது.

இதைப் படிக்கிறவர்களில் அவனோடு உட்கார்ந்து ஆடியவர்களுக்கு அவனுடைய கதை விளையாட்டு தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதைக்குள் போவார்கள். ஒருவன் மந்திரவாதி, ஒருவன் வாள்வீரன். பூதம் வரும், யாளி வரும். நினைத்தது நடக்குமா என்று பகடை சொல்லும். இந்த விளையாட்டுக்கு வருகிற வெளிநாட்டுப் பெட்டிகளில் இங்கிலீஷில் தடித்தடியாகப் புத்தகம் இருக்கும். இதுவரை ஆடியே பார்க்காதவர்கள் திறந்ததும் ஆடக்கூடிய பெட்டி ஒன்றைத் தமிழில் செய்யவேண்டும் என்பது அன்வரின் பைத்தியம்.

ஷூ கம்பெனியில் அவனுக்கு, தோலை அளந்து வெட்ட உதவும் பேட்டர்ன் அட்டை வெட்டுகிற வேலை. அங்கே ஆர்டர் ஓடுவதற்கு முன்னால் ஒரு ஜோடி மட்டும் தைத்து, ஒருவர் காலில் மாட்டி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பெட்டிக்கும் அதையே செய்தான்.

"நைனா, நீங்கதான் என் சாம்பிள் காலு. எங்க கடிக்குதுன்னு சொல்லுங்க."

"படிக்கத் தெரியாதவன் கால எதுக்குடா புடிக்கிற?"

"படிச்சவனும் மொத நாளு புஸ்தகத்த தொடமாட்டான் நைனா. படத்ததான் பாப்பான்."

நான் திருடி வேஷத்து அட்டையை எடுத்தேன். இருந்த படங்களில் அவள் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்வரின் மனைவி ஷமீம் கதவோரம் நின்று, "வயசான காலத்துல நைனாவுக்குப் புத்தி போற போக்கப் பாரு" என்று சிரித்தாள். ஆட வா என்றால் வரமாட்டாள். "வூட்டுக்குள்ள ஒரு பைத்தியம் போதும்" என்பாள்.

அன்வரிடம் ஒரு குறை. வாயை மூடிக்கொண்டிருக்க வராது. நான் அட்டையைத் தொடுவதற்குள் விளக்கம் ஆரம்பித்துவிடும். "நீயே சொல்லிக் குடுத்தா பெட்டி எதுக்குடா?" என்று ஒருநாள் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "அதான் பேஜாரா இருக்குது நைனா. நான் பக்கத்துல இல்லன்னா இது தானா பேசுமா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்." அப்போதே நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பகடை போட்டுவைக்க ஷமீம் தோல் துண்டுகளில் சுருக்குப் பை தைத்தாள். பெட்டிக்கு ஒரு பை. வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற பெட்டிகளைப் பெங்களூர்க் கடை ஒன்றுக்கு அனுப்பினான். சில நாளில் கடைக்காரர் போன் செய்தார். திறந்து பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்களாம், ஒரே நாற்றமாம்.

அன்வர் வீட்டிலிருந்த பெட்டியைத் திறந்து என் மூக்கடியில் நீட்டினான். "நாறுதா நைனா?" இழுத்து இழுத்துப் பார்த்தேன். "இன்னா நாறுது? ஒண்ணுமில்லியே." ஷமீம் மோந்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. "நம்ம மூக்கு சரிப்படாது. காட்பாடி ஜங்ஷனுக்குப் போனா வெளியூரு மூக்கு கெடைக்கும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

பிளாட்பாரத்தில் ஒருவரிடம், "சார், இத கொஞ்சம் மோந்து பாருங்களேன்" என்றான். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "மயக்க மருந்தா? போலீசக் கூப்பிடவா?" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்வர் விடவில்லை. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, பாவம் என்று வாங்கித் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார். "உள்ள என்னப்பா செத்துக் கிடக்கு?"

திரும்பும் ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் ஆம்பூர் நெருங்கும்போது சொன்னான்: "பொறந்ததுலேர்ந்து இந்தத் தோல் பதனிடற காத்துதான். நமக்கு எப்படித் தெரியும்? தெறந்ததும் ஒருத்தரு எத மொதல்ல பாக்கணும்னு எவ்ளோ நாளு யோசிச்சேன் நைனா. பாக்கறதுக்கு முன்னாலயே மோந்துட்டாங்க."

பெட்டிகள் திரும்பி வந்து முன்னறையை அடைத்துக்கொண்டன. துணிப் பை தைக்கணும், அட்டைகளை வெயிலில் போடணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். படி ஏறவே மூச்சு வாங்கியது அவனுக்கு. அதற்குள் ஒலிபெருக்கியில் பெயர் வந்துவிட்டது.

போன வாரம் நானும் செல்வியும் அன்வர் வீட்டுக்குப் போனோம். புருஷன் போனபிறகு வெளி ஆண்கள் முகம் பார்க்காமல் வீட்டோடு இருக்கிற இத்தா காலம் ஷமீமுக்கு. நான் முன்னறையில் உட்கார்ந்தேன், செல்வி திரையைத் தாண்டி உள்ளே போனாள்.

"பெட்டிய எல்லாம் எடைக்குப் போட்டுடலாம் நைனா. பாக்கப் பாக்க நெஞ்ச அடைக்குது" என்றாள் ஷமீம் உள்ளிருந்தே. வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. தைத்த பைகளையாவது எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் பெட்டிகளைத் திரைக்கு அடியில் தள்ளித் தள்ளிக் கொடுத்தேன். உள்ளே மூடி திறக்கும் சத்தம் கேட்டபடி இருந்தது. திடீரென்று நின்றது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"செல்வி, இன்னா ஆச்சு?"

"சும்மா இருங்க மாமா. அக்கா படிக்கிறாங்க."

பெட்டிக்குள் அன்வர் மேலாக வைத்திருந்த தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அட்டைகள் பிரிகிற சத்தம் வந்தது. எதை எங்கே வைப்பது என்று அவர்களுக்குள் குசுகுசுப்பு. சொல்லிக் கொடுக்க எனக்கு நாக்குத் துடித்தது. அன்வருக்கு வராததை நானாவது செய்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நைனா, உங்களத்தான். மணல் மேல நிக்கிறீங்க. சுத்தி ஒருத்தரும் இல்ல. காலுக்கு அடியில தண்ணி ஓடற சத்தம் கேக்குது." ஷமீம்தான் கதையை நடத்தினாள். "இன்னா பண்றீங்க?"

ஒருவரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பெட்டி தானாகப் பேசிவிட்டது. கேட்கத்தான் அவன் இல்லை.

என் வயது ஆளைப் பார்த்துச் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பார்கள். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அன்வர் எனக்கென்று விட்டுப்போனதில் நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். மற்றதெல்லாம் ஷமீமுடையது. பெட்டிகள் இன்னும் எடைக்குப் போகவில்லை.

"தோண்டறேம்மா" என்றேன்.

"எத வெச்சி?"

"கையாலதான்."

உள்ளே பகடை உருண்டது.