உட்காரச் சொல்லாத அரை மணி நேரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்தேன். அப்போதுதான் சாயப்பட்டறையில் இருந்த என் தம்பிக்கு எலும்பு மஜ்ஜை வற்றிப்போனது. கோயமுத்தூரில் நெஞ்செலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மருந்து கொடுத்து, வாராவாரம் வெள்ளணுக்களை எண்ணச் சொன்னார்கள். நோயை எதிர்க்கிற படை அதுதான், ஏறினால் பிழைப்பான். அதுவரை சின்னக் காயம்கூட ஆகக் கூடாது.

கட்டம் போட்ட கண்ணாடியில் ரத்தத்தை விட்டு மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணுவேன். அவனுடைய கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். எண்ணிக்கை ஏறினால் பையன் செருப்பில்லாமல் பழனிக்கு நடந்து வருவான் என்று அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் எந்த வேண்டுதலும் காலால்தான் தீரும்.

ஆறாவது வாரம் பஸ் வரவில்லையென்று மண்ணரை வீட்டிலிருந்து வேகவேகமாக நடந்தே வந்தான். வேர்த்துக் கொட்டியது. நடந்து வந்தவர்களை அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கை பொய்யாக ஏறிக் காட்டும். ஊரையெல்லாம் உட்கார வைத்த நான் தம்பியை உட்காரச் சொல்லவில்லை. பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம்.

"ஏறிருக்குங்களாண்ணா?"

"ஏறிருக்குது கண்ணு."

மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

தைப்பூசத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. இப்போது வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நீதான சாமி எண்ணிச் சொன்ன?" என்றாள்.

எண்ணியது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

தாராபுரம் தாண்டியதும் தம்பிக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. அந்தக் காலோடு பழனி வரைக்கும் போய், காய்ச்சலோடு பஸ்ஸில் திரும்பினான். வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்தேன். காலையிலிருந்து படுத்தே கிடந்தான்; இந்தத் தடவை விதிப்படிதான் எடுத்தேன். கட்டங்களை மூன்று முறை தேடினேன். மூன்று அணு இருந்தது. அதை நோட்டில் எழுதினேன்.

தம்பியின் காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. வந்தவர்களை உட்காரச் சொன்னேன், எண்ணினேன், எழுதினேன்.

அம்மா அதற்குப் பிறகு எந்த முருகன் கோயில் படியும் மிதிக்கவில்லை. "நம்பி நடந்த புள்ளைய எடுத்துக்கிட்டானே" என்று சாகும்வரை முருகனையே திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பழி அவர் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.