லைசென்ஸ் இல்லாத ரேடியோ

போன மாதம் என் மகளின் செல்போனை பஸ்ஸில் எவனோ அடித்துவிட்டான். ஒரு மணி நேரத்துக்குள் சிம்மை முடக்கி, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, பேங்கிலும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சாவகாசமாகக் காப்பி குடித்தாள். "யார் மேலயும் சந்தேகம் இல்லையாடி?" என்று கேட்டேன். "சந்தேகப்பட்டு என்னம்மா ஆவப் போவுது" என்றாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்தப் புத்தியில் கால்வாசி எங்கள் அப்பாவுக்கு இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

எழுபதுகளின் கடைசி அது. தென்காசியில் எங்கள் வீட்டில் கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி விலையுள்ள சாமான் ஒன்றே ஒன்றுதான், தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோ. அப்பா தவிர யாரும் அதன் காதைத் திருகக் கூடாது. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள், வருஷா வருஷம் தபாலாபீஸில் பணம் கட்டி அதில் முத்திரை வாங்க வேண்டும். எங்கள் அப்பாவுக்குத் தபாலாபீஸில் அந்தக் கவுண்டரில்தான் வேலை. நாள் கடந்து வருகிறவர்களை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "சர்க்கார ஏமாத்தலாம்னு பாக்கீரா வே?" என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்துவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அம்மாவின் தம்பி, என் மாமா, கடையத்துக்காரர். தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். எங்களில் தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது வழக்கம். எனக்கு அவர்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். ஆவணி பிறந்ததும் நிச்சயம் பண்ணுவதாக இருந்தது. எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்ல இந்த வயசில் எனக்கு என்ன வெட்கம்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல். குடும்பத்தோடு குளிக்கப் போனால் ஒருத்தர் இறங்காமல் துணிமணிக்குக் காவல் இருப்பார், மற்றவர்கள் கரையேறின பிறகுதான் அவர் குளிப்பார். அன்றைக்கு மாமா காவல். ரேடியோவும் அவர் பக்கத்தில்தான் இருந்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் கரையேறி வந்து, "மாப்ளே, தண்ணி நல்லா விழுது, வந்து ஒரு தடவ தலையக் காட்டிட்டுப் போ. இங்கன எவன் எடுக்கப் போறான்" என்று கூப்பிட்டார். பெண்கள் பக்கம் இறங்குவதற்காக நின்றுகொண்டிருந்த என் காதில் அது தெளிவாக விழுந்தது. மாமா தயங்கிவிட்டு, பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினார். திரும்பி வந்தபோது துணியெல்லாம் இருந்தது. ரேடியோவும் இல்லை, வெளியூர்க்காரர்களும் இல்லை.

மாமா ஈரத்துணியோடு அங்கேயே போலீஸைத் தேடி ஓடப் பார்த்தார். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "நாளைக்குப் பாத்துக்கிடலாம், நீ வா." வயலில் நடவு இருந்ததால் மாமா அன்று சாயங்காலமே கடையத்துக்குப் போனார்.

மறுநாள் அப்பா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. செங்கோட்டைப் பக்கம் மை போட்டுப் பார்க்கிற ஒருத்தரிடம் போனார். அந்த மனுஷன் வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்துவிட்டு, பழகின கைதான் எடுத்திருக்கிறது, பொருள் தெற்கே போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். தென்காசிக்குத் தெற்கே கடையம். அவ்வளவுதான், அப்பாவுக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை மாமா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்டார். "கடையத்துல எவன்ட்டல வித்த?"

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு முகம் செத்துவிட்டது. ஆனால் நிதானமாகத்தான் பேசினார். "ஸ்டேஷனுக்கு வாங்க அத்தான், எழுதிக் குடுப்போம். என்னையும் சேத்தே விசாரிக்கட்டும். ரேடியோ நம்பர் லைசென்ஸ் புஸ்தகத்துல இருக்கும்லா, அத வச்சு ரிப்பேர் கடைகள்ல கேட்டா எடுத்தவன் மாட்டிக்கிடுவான்."

"வீட்டு விஷயத்த ஸ்டேஷன்ல கொண்டு போய்ச் சந்தி சிரிக்க வைக்கணுங்கியா?"

மாமா அந்தப் புத்தகத்தை மூன்று தடவை கேட்டார். அப்பா எடுத்துத் தரவில்லை. மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு, நானே எடுத்து மாமாவிடம் கொடுத்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தேன். புத்தகம் சேலைகளுக்கு அடியில் இருந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்று வருஷமாக முத்திரையே இல்லை. ஊருக்கெல்லாம் முத்திரை குத்துகிறவர் தன் ரேடியோவுக்குக் கட்டவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் புத்தகத்தைக் கேட்பார்கள். கேட்டால் ஆபீஸில் மானம் போகும். அதற்காக ஒரு மனுஷனைத் திருடனாக்கிவிட்டார் பாவி. பாவி என்றுதான் சொல்வேன், பெத்த அப்பா என்றாலும்.

நான் மட்டும் என்ன யோக்கியம். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் மாமா அப்பா முன்னாலேயே என்னிடம் கேட்டார். "நீ அங்கனதான நின்ன. அத்தான்தான என்னக் குளிக்கக் கூப்பிட்டாவ? சொல்லு." அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஆமா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாமா டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்து, பட்டறை முதலாளியும் மாமாவை நிறுத்திவிட்டார். பம்பாய்க்குப் போய்விட்டதாகக் கடையத்திலிருந்து சொன்னார்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு கார்டு வந்தது. நல்லா இருக்கேன், தேட வேண்டாம் என்று இரண்டு வரி. விலாசம் எழுதவில்லை. அடுத்த வருஷம் என்னை வீரகேரளம்புதூரில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் மாமாவை நினைக்காத நாள் கிடையாது.

எண்பதுகளின் நடுவில், இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் உற்சாகமாகச் சொன்னார். "ரேடியோவுக்கு இனிமே லைசென்ஸே கிடையாதாம். சர்க்கார் எடுத்துட்டான். பெரிய தலவலி விட்டுது."

அம்மா சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு, "அப்பம் என் தம்பிய வரச் சொல்லி ஒரு கடுதாசி போடுங்க" என்றாள்.

அத்தனை வருஷமும் அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "விலாசத்தச் சொல்லு, எழுதுதேன்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். என்னிடமும் இல்லை.