வயிற்றுக்குள் இருந்த பயம்

குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் பக்கம் அன்று தண்ணீர் மிதமாகத்தான் விழுந்தது. குனிந்து முதுகைக் கொடுத்தேன். அடுத்த நிமிடம் நெஞ்சு கிடந்து அடித்தது. தலை தெறித்தது. அத்தனை குளிர்ந்த தண்ணீரில் நின்றும் எனக்கு வியர்ப்பது தெரிந்தது. கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்ட என்னைப் பெண் போலீஸ் ஒருவர்தான் வெளியே கொண்டுவந்து விட்டார்.

ஈரத்துண்டுடன் நின்ற என் கணவருக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "மறுபடியும் படபடப்பு வந்துட்டா? தண்ணியப் பாத்தாலும் பயம், கூட்டத்தப் பாத்தாலும் பயம். ஒன்னய வச்சிக்கிட்டு எங்கட்டி போக முடியும்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வருடத்துக்கும் மேலாக இப்படித்தான். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டும்போது வரும். குனிந்து வாளியைத் தூக்கினால் வரும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். ஈசிஜியில் ஒன்றும் இருக்காது. மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்லி மாத்திரை எழுதித் தருவார்கள். நான் பயந்த சுபாவக்காரி என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

தென்காசிக்குத் திரும்பும் வழியில் காரிலேயே மறுபடியும் வந்தது. இந்த முறை அவரும் பயந்து, கண்ணில் பட்ட முதல் கிளினிக்கில் வண்டியை நிறுத்தினார். அங்கிருந்த டாக்டரம்மா எனக்குப் படபடத்துக்கொண்டிருக்கும்போதே ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாமல் வேறு கருவி கொண்டுவரச் சொல்லி மறுபடியும் பார்த்தார்.

"அக்கா, இது பயத்துல வார பிரஷர் இல்ல" என்றார்.

சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்தபின் அவரே விளக்கினார். "கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. நாம பயந்தா நெஞ்சை அடிக்க வைக்கிறது அதுதான். ஒங்களுக்கு இடது பக்கச் சுரப்பியில ஒரு கட்டி. நீங்க பயப்படாமலே அது பாட்டுக்குச் சுரக்குது."

என் கணவர் ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லேப்ராஸ்கோப்பியில், வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். ஆனால் உடனே செய்ய முடியாது. கட்டியைத் தொட்டாலே அழுத்தம் எகிறும்; முதலில் சில வாரம் மாத்திரையால் அதை அடக்க வேண்டும். அந்த மாத்திரையில் மூக்கு அடைத்தது. எழுந்தால் கண் இருட்டியது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலத்துக்கு நடுவிலிருந்தும் வியாபாரியான என் கணவர் போன் போடுவார். "தண்ணி குடிச்சியா? எந்திரிக்கும்போது மெள்ள எந்திரி, என்னா?"

அந்த வாரங்கள்தான் கொடுமை. பயந்தால் கட்டி சுரக்குமோ என்று பயம். இடது பக்கம் திரும்பிப் படுக்கப் பயம். நெஞ்சு லேசாக அடித்தாலும், இது நானா அதுவா என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். பார்க்க வந்த நாத்தனார் வேறு, "ஓட்ட போட்டா எடுக்காவ? முழுசா வந்துட்டுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதைச் சர்ஜனிடம் கேட்டேன். "கேமரா உள்ள போனா கண்ணைவிட நல்லாத் தெரியும்மா. கட்டியைச் சுரப்பியோட ஒரு பைக்குள்ள போட்டு, ஒரு துளையை மட்டும் கொஞ்சம் பெருசாக்கி எடுத்துருவோம். ரத்தம் கசிஞ்சா வயித்தைத் திறக்க வேண்டி வரும். அதையும் இப்பவே சொல்லிருதேன்." அவர் சொன்னதில் வயிற்றைத் திறப்பது மட்டும்தான் எனக்குள் தங்கியது.

தியேட்டர் மேசையில் மயக்க மருந்து டாக்டரிடம், "நெஞ்சு அடிக்குதே, கட்டியா சார்?" என்றேன்.

மானிட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது நீங்கதாம்மா. எல்லாருக்கும் இங்க வந்தா அடிக்கும்."

அதன்பின் நடந்தது என் கணவர் சொல்லித்தான் தெரியும். நடுவில் ஒரு நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாராம். எதையோ வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் உள்ளே ஓடினாராம். கட்டியைத் தொட்டபோது அழுத்தம் ஏறிவிட்டது. கையை எடுத்துக்கொண்டு, மருந்தில் இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் தொடர்ந்தோம் என்று சர்ஜன் வெளியே வந்து சொன்னார். சுரப்பியின் ரத்தக்குழாயை அடைத்ததும் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய், அதையும் ஏற்றியிருக்கிறார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் அடைத்த காற்றினால் அப்படி இருக்கும் என்றார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களைக் குவித்துக் காட்டி, "கட்டி நல்ல எலுமிச்சங்காய் தண்டி இருந்துச்சுட்டி" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான்தான் ஒன்னயப் பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளின்னு..." என்று நிறுத்திவிட்டார்.

கட்டியில் கெடுதலாக ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் வருடாவருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பரிசோதனை நெருங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

பள்ளிக்குத் திரும்பியபின் ஒரு மழை நாள். புளியங்குடிக்கு லோடு ஏற்றப் போன அவரது போன் மதியத்திலிருந்து அணைந்தே கிடந்தது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். நெஞ்சு அடித்தது; தலை தெறிக்கவில்லை, வியர்க்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் நனைந்தபடி வந்து நின்றார்.

"சார்ஜ் தீந்துட்டு. பயந்துட்டியோ?"

"ஆமா, பயந்துட்டேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இனிமே யார்கிட்டயாவது போன வாங்கிப் பேசிருதேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போனார்.