மங்கை நடந்த 368 மீட்டர்

காசிமேட்டில் முப்பத்தொன்பது வருடம் மீன் விற்ற மங்கைக்கு, 2024 மார்ச் 11, திங்கட்கிழமையன்று வயது அறுபத்தாறும் நான்கு மாதமும். அன்று மருத்துவமனை நடைக்கூடத்தில் ஆறு நிமிடம் நடக்க வைத்தார்கள். 214 மீட்டர்தான் முடிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் ஏறத் தெம்பு போதாது என்று எழுதிவிட்டார்கள்.

"வயசாச்சு, வுடு அத்த. டயாலிசிஸ்ல ஓடிக்கினுதானே கீது?" என்றாள் மருமகள் வினிதா.

"என் கிட்னிய எட்துக்கோம்மா," என்றான் மகன் வெற்றி.

"கடலுக்குப் போறவன் வவுத்துல கத்தி வெச்சுட்டு நான் இன்னாத்த துண்றது? குந்துடா பேசாம."

வியாழக்கிழமை காலை, டயாலிசிஸ் இல்லாத நாளில், இருவரையும் இழுத்துக்கொண்டு டாக்டர் மகிமா முன்னால் போய் நின்றாள்.

"சோதனைதான் முடிஞ்சுதேம்மா?"

"மிஷின்லேர்ந்து எறங்குன அர அவர்ல நடக்க வெச்சா மாடு கூட வுழுந்துடும் டாக்டரம்மா. இப்ப வெச்சுப் பாரு."

மகிமா தாள்களைப் புரட்டினார். திங்கட்கிழமை டயாலிசிஸ் முடிந்தது 11.20, நடந்தது 11.50. கடிகாரத்தைத் தானே கையில் எடுத்தார்.

மங்கை செருப்பைக் கழற்றினாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள்.

"மெதுவாம்மா, வுழுந்துடப் போற!" என்றார் எதிரே வந்த வார்டு ஊழியர்.

"வழிய வுடு நைனா, ஐஸு கரையுது!"

மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. 368 மீட்டர்.

மற்ற சோதனைகளில் முன்பே தேறியிருந்தாள்; இதிலும் தேறிவிட்டாள். "வயசு தடையில்ல," என்றார் மகிமா. "ஆனா சின்ன வயசுல இறந்தவங்க கிட்னிக்கு வருஷக்கணக்கா காத்திருக்கணும். இறந்துபோன பெரியவங்களோடதையும் ஏத்துக்கிட்டா சீக்கிரம் கிடைக்கலாம். அது அவ்வளவு நாள் உழைக்காமலும் போகலாம்."

"பழசா?" வினிதா முகத்தைச் சுளித்தாள்.

"நான் மட்டும் இன்னா புச்சா? எனுக்கு ஒரு பத்து வருசம் ஓடுனா போதும். பேனாவக் குடு."

கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டிய ஊழியரை முறைத்துவிட்டு, பட்டியலுக்கு ஒன்று, பெரியவர்கள் சிறுநீரகத்துக்குச் சம்மதம் ஒன்று என இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டாள். காலை 10.42-க்குப் பதிவாயிற்று. வெற்றியின் எண்ணுக்கு அழைப்பு எந்நேரமும் வரலாம் என்றார்கள்.

மங்கை வெற்றியின் போனைப் பிடுங்கினாள். சத்தம் அணைந்திருந்தது.

"இது இன்னாடா?" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, சத்தத்தைக் கடைசி வரை ஏற்றிவிட்டாள்.